டார்வினின் மூக்கு சொன்ன பொய்

1831 செப்டம்பர். தென் அமெரிக்கக் கரையோரத்தை அளந்து வரைபடம் போட பீகிள் என்ற ஆங்கிலேயக் கப்பல் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு வயது 26. வருடக்கணக்கில் நீளப்போகும் பயணம். கூட உட்கார்ந்து சாப்பிட, நாலு வார்த்தை பேச, இயற்கையைப் பற்றிப் படித்த ஒரு துணை வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். லண்டனில் அவரைப் பார்க்க வந்தவர் 22 வயது சார்லஸ் டார்வின். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஃபிட்ஸ்ராய்க்கு அந்தப் பையனின் மூக்கு சரியாகப் படவில்லை.

ஃபிட்ஸ்ராய், லவாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியாரின் தீவிர சீடர். முக அமைப்பைப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று 1770-களில் தடித்தடியான புத்தகங்கள் போட்டவர் லவாட்டர். நம் ஊர் சாமுத்திரிகா லட்சணத்துக்கு ஐரோப்பியப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியொரு மூக்கை வைத்திருப்பவனுக்கு இவ்வளவு பெரிய பயணத்துக்கு வேண்டிய சுறுசுறுப்பும் மன உறுதியும் இருக்குமா என்று கேப்டனுக்குச் சந்தேகம். எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு சேர்த்துக்கொண்டார். மூக்கு வடிவத்தால் தன் பயணமே நழுவ இருந்த இந்தக் கதை டார்வினுக்குப் பின்னால், இருவரும் நெருங்கிப் பழகிய பிறகுதான் தெரியவந்தது. என் மூக்கு பொய் சொல்லிவிட்டது என்பது கேப்டனுக்குப் பிறகு நன்றாகவே புரிந்திருக்கும் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்தார்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு இதில் வேறொரு விஷயம்தான் உறுத்துகிறது. மூக்கு பொய் சொல்லியது என்று ஃபிட்ஸ்ராய்க்கு எப்படித் தெரிந்தது? டார்வினைக் கப்பலில் ஏற்றியதால் தெரிந்தது. 1836 அக்டோபர் வரை, ஏறக்குறைய ஐந்து வருடம், அந்த மூக்கின் சொந்தக்காரரைத் தினமும் சாப்பாட்டு மேஜையில் பார்த்ததால் தெரிந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தால்? வேறு மூக்கோடு வேறொருவர் ஏறியிருப்பார். அவரும் ஏதோ சுமாராக வேலை பார்த்திருப்பார். லவாட்டர் சொன்னது சரிதான் என்று கேப்டன் கடைசிவரை நிம்மதியாக நம்பியிருப்பார். நிராகரிக்கப்பட்டவர் தன் பக்கத்துச் சாட்சி சொல்ல வருவதே இல்லை. முதல் பார்வையில் ஆளை எடை போடுவதில் உள்ள வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவசரம் என்று எல்லோரும் அதன்மேல் பழி போடுகிறார்கள். அவசரம் அதன் சின்னக் குற்றம்.

அவசரம் எவ்வளவு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனீன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களின் படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா, முரடரா என்று கேட்டார்கள். அதே படங்களை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு வேறு சிலர் சொன்ன பதில்களோடு ஒப்பிட்டால், இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கண் சிமிட்டுவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று.

இதிலும் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அரை நொடி, ஒரு நொடி என்று நேரத்தைக் கூட்டியபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மேல் இருந்த நம்பிக்கைதான் ஏறியது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் சரியாகப் புரியும் என்பது நம் வழக்கமான அறிவுரை. ஒரே முகத்தைக் கூடுதல் நேரம் உற்றுப் பார்ப்பதால் வருவது தெளிவு இல்லை, பிடிவாதம்.

இந்தத் தீர்ப்பு எதை வைத்து எழுதப்படுகிறது? ரகசியம் ஒன்றும் இல்லை. நம் மொழியிலேயே விடை இருக்கிறது. உதட்டோரம் இயற்கையாகவே கொஞ்சம் மேல்நோக்கி இருந்தால் சிரித்த முகம். புருவம் கீழே இறங்கி வாய் அழுந்தியிருந்தால் சிடுமூஞ்சி. அந்த ஆள் அந்த நேரத்தில் சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. எலும்பும் சதையும் அமைந்த வாகு அப்படி. ஆனால் ஒரு நிமிட உணர்ச்சியைப் படிக்க வேண்டிய கண், அதை நிரந்தரக் குணமாகப் படித்துவிடுகிறது. பெரிய கண்ணும் சின்ன மோவாயும் இருந்தால் குழந்தைச் சாயல். அதற்கும் நம்மிடம் பெயர் உண்டு: பால் வடியும் முகம். லெஸ்லி செப்ரோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1991-இல் அமெரிக்காவின் சிறு வழக்கு நீதிமன்றங்களில் இதை ஆராய்ந்தார். வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டில் பால் வடியும் முகக்காரர்கள் தப்பிப்பது அதிகம். கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டிலோ மாட்டிக்கொள்வது அதிகம். குழந்தை சூது செய்யாது, ஆனால் பொருளைப் போட்டு உடைக்கும் இல்லையா, அந்தக் கணக்குதான்.

சிறு வழக்கோடு போனால் பரவாயில்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் பால் வில்சன், நிக்கோலஸ் ரூல் இருவரும் ஃப்ளோரிடா சிறைகளில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 742 பேர். பாதிப் பேர் மரண தண்டனை பெற்றவர்கள், பாதிப் பேர் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். யார் என்ன தண்டனை என்று சொல்லாமல் அந்த முகங்களைப் பலரிடம் காட்டி, நம்பலாமா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். மதிப்பெண் குறைந்த முகங்கள் மரண தண்டனைப் பக்கம் சாய்ந்திருந்தன. முகத்தில் ஏதோ கொடூரம் தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. பின்னாளில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களின் படங்களிலும் அதே சாய்வு இருந்தது. 2015-இல் வந்த ஆய்வு இது.

இத்தனைக்கும், ஒருவருக்கு ஒரு முகம்தான் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்து, தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறேன் என்று நொந்துகொள்ளாதவர் யார்? 2011-இல் பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் நாற்பது படங்களைக் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். படங்களில் இருந்தது இரண்டே பேர், நெதர்லாந்தின் பிரபலங்கள். அவர்களைத் தெரியாத பிரிட்டிஷ்காரர்கள் சராசரியாக ஏழு எட்டு ஆட்களாகப் பிரித்து வைத்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் இரண்டு அடுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். தெரிந்த முகம் எந்த வெளிச்சத்திலும் ஒரே ஆள். தெரியாத முகம் படத்துக்குப் படம் வேறு ஆள். ஒரே ஆளின் வெவ்வேறு படங்கள் பார்ப்பவரிடம் வெவ்வேறு குணங்களை உண்டாக்குகின்றன என்று டோடொரோவும் 2014-இல் காட்டினார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தப் படத்தை ஒட்டுகிறோம் என்பதில் பாதித் தலையெழுத்து இருக்கிறது.

சரி, தேர்தல். அமெரிக்க செனட் வேட்பாளர்கள் இருவரின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று டோடொரோவ் குழு கேட்டது. கேட்கப்பட்டவர்களுக்கு அந்த வேட்பாளர்களைத் தெரியாது. அவர்கள் கைகாட்டியவர் சுமார் 70 சதவீதத் தொகுதிகளில் ஜெயித்திருந்தார் (2005). காசு சுண்டிப் போட்டாலே 50 வரும் என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் 70 என்பது கொஞ்சம் சங்கடமான எண். நான்கு வருடம் கழித்து ஜான் அன்டோனாக்கிஸ், ஓலாஃப் டால்காஸ் இருவரும் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் பிரெஞ்சு வேட்பாளர்களின் படங்களைக் காட்டினார்கள். குழந்தைகளிடம் அரசியலைக் கேட்கவில்லை. உன் கப்பலுக்கு இவர்களில் யாரைக் கேப்டனாக வைத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். அந்தப் பதிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேர்தல் முடிவோடு ஒத்துப்போனது. மறுபடியும் கப்பல், மறுபடியும் முகம்! ஃபிட்ஸ்ராய் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதுவரை சொன்னது முதல் நொடியின் கதை. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அடுத்த அரைமணி நேரம்.

1946-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் (மணியாச்சி ரயில் நிலையத்தில் சுடப்பட்ட கலெக்டர் ஆஷ் இல்லை, இவர் வார்சாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர்) ஒரு எளிய சோதனை செய்தார். ஒருவரைப் பற்றி ஆறு சொற்களைப் படித்துக் காட்டினார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு கூட்டத்துக்கு இதே ஆறையும் தலைகீழாகப் படித்தார். முதல் கூட்டத்துக்கு அவர் திறமையான மனிதர், சில குறைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டாவது கூட்டத்துக்கு அவர் கோளாறான ஆள், இருக்கிற திறமையும் அதனால் வீணாகிறது. பிடிவாதம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்திசாலிக்குப் பிறகு வந்தால் அது கொள்கைப் பிடிப்பு. பொறாமைக்குப் பிறகு வந்தால் வறட்டுப் பிடிவாதம். முதலில் வந்த சொல், பின்னால் வரும் சொற்களின் பொருளையே மாற்றிவிடுகிறது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று நம்மவர்கள் சொன்னதை ஆஷ் மேஜையில் வைத்துக் காட்டினார் என்று சொல்லலாம்.

அப்புறம் 1950-இல் ஹெரால்டு கெல்லி இதை வகுப்பறைக்குக் கொண்டுபோனார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களுக்கு, இன்று உங்களுக்குப் புது ஆசிரியர் வருகிறார் என்று சொல்லி, அவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு கொடுத்தார்கள். எல்லாக் குறிப்பும் ஒன்றுதான், ஒரு இடத்தைத் தவிர. பாதிப் பேரின் தாளில் அவர் அன்பாகப் பழகுபவர் என்று இருந்தது. மீதிப் பேரின் தாளில் ஒட்டாமல் விலகி நிற்பவர் என்று இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே இருபது நிமிடக் கலந்துரையாடல். வகுப்பு முடிந்ததும் கேட்டால், இரு தரப்பும் இரண்டு வேறு ஆசிரியர்களைப் பார்த்துவிட்டு வந்தது போலப் பேசினார்கள்.

ஆனால் கெல்லி இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார். யார் யார் வாய் திறந்தார்கள்? அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துரையாடலில் பேசினார்கள். மற்ற தாளைப் படித்தவர்களில் 32 சதவீதம்தான். நினைத்துப் பாருங்கள். அந்த 68 சதவீதம் பேர் வாயே திறக்கவில்லை. பேசாதவர்களிடம் ஆசிரியர் எப்படி அன்பைக் காட்டுவார்? நான் சொன்னேன் இல்லையா, மனுஷன் ஒட்டவே மாட்டேன் என்கிறார் என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். பொய்யும் இல்லை. அவர்கள் பார்த்த அளவில் உண்மைதான்.

இதன் முழு வடிவத்தை 1977-இல் மினசோட்டாவில் மார்க் ஸ்னைடரும் கூட்டாளிகளும் படம்பிடித்தார்கள். ஒரு ஆணும் பெண்ணும் போனில் பேச வேண்டும், நேரில் பார்த்துக்கொள்ளக் கூடாது. பேசுவதற்கு முன் ஆணிடம் மட்டும் அந்தப் பெண்ணின் படம் என்று ஒன்றைக் கொடுப்பார்கள். உண்மையில் அது வேறு யாருடையதோ. சிலருக்கு மூக்கும் முழியுமான அழகி, சிலருக்குச் சாதாரணத் தோற்றம். போனின் மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு இந்தப் படச் சங்கதியே தெரியாது. பேச்சைப் பதிவுசெய்து, பெண்ணின் குரல் மட்டும் உள்ள பகுதியை வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களும் படத்தைப் பார்க்காதவர்கள். அழகி என்று நினைக்கப்பட்ட பெண்கள் உண்மையிலேயே கலகலப்பாக, நட்பாகப் பேசியதாக அவர்கள் சொன்னார்கள். ஆண் குழைந்து பேசினான், அவளும் மலர்ந்து பேசினாள். மற்றவன் கடமைக்குப் பேசினான், அந்தப் பெண்ணும் கடமைக்குப் பேசினாள். இரண்டு ஆண்களும் தங்கள் கணிப்பு பலித்ததாக நினைத்துத்தான் போனை வைத்திருப்பார்கள்.

நேரில் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும் இடங்களும் உண்டு. பெயர். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முகத்தைக் காட்ட அந்த நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஒரு குறியை அழிக்க ஒரு இயக்கமே முயன்றது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று இங்கே பெரும்பாலோர் இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம், வடக்கே இருந்து வருபவர்கள் உங்கள் சர்நேம் என்ன என்று குழம்புகிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பெயரில் துப்புக் கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வி வரும். சொந்த ஊரு எது? சொன்னால், அங்கே எந்தத் தெரு? அதையும் சொன்னால், குலதெய்வம் எது? ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து முறுக்கு நீட்டிக்கொண்டே கேட்பார்கள். முதல் எண்ணத்துக்கு வேண்டிய குறி ஒன்றை மறைத்தால், மனம் சும்மா இருப்பதில்லை, அடுத்த குறியைத் தேடுகிறது. பரீட்சைத் தாளில் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. மிஞ்சியிருப்பது கையெழுத்து. முதல் பக்கத்தையாவது அழகாக எழுதித் தொலை என்று நம் வாத்தியார்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஃபிட்ஸ்ராய் விஷயத்துக்கு வருகிறேன். யெர்கர் டென்ரெல் என்பவர் 2005-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். புதிதாகச் சந்தித்த ஒருவரைப் பிடித்துவிட்டால் மறுபடி சந்திப்போம். அந்த எண்ணம் தப்பு என்றால் நாலாவது சந்திப்பில் வெளுத்துவிடும். பிடிக்காவிட்டால் தவிர்ப்போம். அந்த எண்ணம் தப்பு என்றாலும் வெளுக்க வழியே இல்லை. எனவே, யாரும் கண்ணை மூடிக்கொண்டு முன்முடிவு எடுக்காவிட்டாலும்கூட, தப்பான நல்லெண்ணங்கள் காலப்போக்கில் கரைகின்றன, தப்பான கெட்ட எண்ணங்கள் அப்படியே தங்குகின்றன. இதற்குப் பொறாமையோ வெறுப்போ தேவையில்லை. ஒதுங்கிப் போகும் உரிமை இருந்தால் போதும்.

எங்கள் தெருமுனையில் இரண்டு மளிகைக் கடைகள். குடிவந்த வாரத்தில் ஒன்றில் சில்லறை இல்லை என்று கடைக்காரர் சற்று வெடுக்கென்று சொன்னார். ஆறு வருடமாக மற்ற கடையில்தான் வாங்குகிறேன். அந்த மனிதரைப் பற்றி எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் இருக்கிறது, ஆதாரம் என்று பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அங்கே போகத் தோன்றவில்லை.

முதல் எண்ணம் எப்போதும் தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த நளினி அம்பாடி, ராபர்ட் ரோசன்தாலோடு சேர்ந்து 1993-இல் செய்த ஆய்வு புகழ்பெற்றது. ஹார்வர்டில் பாடம் எடுத்த 13 பேரின் ஒலியில்லாத முப்பது நொடி வீடியோத் துண்டுகளை, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பருவம் முழுக்க அவர்களிடம் படித்த மாணவர்கள் கடைசியில் கொடுத்த மதிப்பெண்ணோடு அது வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. துண்டுகளை ஆறு நொடியாகக் குறைத்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. அசையும் ஆளிடம், நிற்கும் படத்தில் இல்லாத செய்தி இருக்கிறது என்பது நிச்சயம். மேடைக் கூச்சமும் உற்சாகமும் கைகால் அசைவில் தெரிந்துவிடும். ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு. மாணவர்கள் பருவக் கடைசியில் போட்ட மதிப்பெண், அவர்களுக்கு முதல் நாள் முதல் ஆறு நொடியில் வந்ததாகவும் இருக்கலாமே? கெல்லியின் வகுப்பறையைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கெட்ட எண்ணம் ஒன்று விழுந்துவிட்டால் அதை எது அசைக்கும்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் மான், மெலிசா ஃபெர்குசன் 2015-இல் ஒரு கதையை வைத்துச் சோதித்தார்கள். ஒருவன் பக்கத்து வீடுகளின் கதவை உடைத்து நுழைகிறான், உள்ளே பொருட்களை நாசம் செய்கிறான், விலைமதிப்பற்றதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். படித்தவர்களுக்கு அவன்மேல் வெறுப்பு. பிறகு ஒரு கூடுதல் தகவல்: அந்த வீடுகள் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தன, அவன் எடுத்து வந்தது குழந்தைகளை. யோசிக்காமல் வரும் உள்மன வெறுப்பும் சட்டென்று தலைகீழானது. அவன் வேறு எங்கோ ஒரு நல்ல காரியம் செய்தான் என்று சேர்த்துச் சொன்னால் அந்த அளவு பலன் இல்லை. நல்லதைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, முதலில் பார்த்த அதே காட்சிக்கு வேறு பொருள் கிடைப்பதுதான் வேலை செய்கிறது. ஆஷின் பட்டியலில் பிடிவாதம் பொருள் மாறியதே, அதே வழி, எதிர்த்திசையில். ஆனால் எரியும் வீட்டைப் பற்றி நமக்கு யாராவது வந்து சொல்ல வேண்டும். அந்த மளிகைக் கடைக்காரருக்கு அன்று காலை என்ன நடந்தது என்று என்னிடம் யார் சொல்வார்கள்?

டார்வின் கதையில் ஒரு வால் பாக்கி இருக்கிறது. அவருடைய அப்பா ராபர்ட் டார்வின் ஒரு டாக்டர். மகனைக் கப்பலில் அனுப்ப முதலில் சம்மதிக்காதவர். எதையும் லேசில் நம்பாதவர், மண்டையின் வடிவத்தை வைத்துக் குணம் சொல்லும் அக்காலத்துச் சாத்திரத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவர். ஐந்து வருடம் கழித்து மகன் வீடு திரும்பியபோது அவர் மகனை ஒரு பார்வை பார்த்தார். மகள்கள் பக்கம் திரும்பினார். அட, இவனுடைய தலையின் வடிவமே மாறிப்போயிருக்கிறதே என்றார்.